ஆறடிப் புடலங்காயும் மூன்று வருட நிபந்தனையும்

பெங்களூர் மெட்ரோ ரயிலில் புடலங்காய் கொண்டுபோகக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. முந்தின நாள் மாலையே பொம்மசந்திரா ஸ்டேஷனுக்குப் போய், தடை செய்யப்பட்ட பொருள்களின் பலகைக்கு முன்னால் நின்று, ஒவ்வொன்றாக டைரியில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். கத்தி இருந்தது. பட்டாசு இருந்தது. செல்லப் பிராணி இருந்தது. காய்கறி இல்லை.

இருந்தும் மறுநாள் பகல் பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு, பைகளைச் சோதிக்கும் இயந்திரத்தின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் காவலர் பெல்ட்டை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். ஏழடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய், இரண்டு முனையிலும் மூடி. ஒரு முனை இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டது. இன்னொரு முனை இந்தப் பக்கம் என் கையிலேயே இருந்தது.

"ஏனு சார் இது?"

"படவலகாயி" என்றேன். புடலங்காய்க்குக் கன்னடத்தில் அதுதான் பெயர்.

"இஷ்டு உத்தனா?" இவ்வளவு நீளமா என்று கேட்டு, மறுபடியும் திரையைப் பார்த்தார்.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்கு மில்லிமீட்டர் என்று சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் வந்து, என் சட்டைப் பையில் இருந்த மூன்று பேனாக்களைப் பார்த்துவிட்டு, என்ன கண்டுகொண்டாரோ, நேராகத் தமிழில் பேசினார்.

"சமைச்சதா, பச்சையா?"

"பச்சை."

"வாசன வருமா?"

"வராது."

"உள்ள வேற எதுனா இருக்குதா?"

"பழைய மெத்தைப் பஞ்சு. அடிபடாம இருக்க."

"தொறங்க."

திறந்தேன். இருவரும் குனிந்து குழாய்க்குள் பார்த்தார்கள். அந்தப் பெண் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அங்கே படம் எடுக்கக் கூடாது என்று பலகையில் இருந்தது; நான் சொல்லவில்லை.

குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஹேமலதா. என் தொழிற்சாலையை வாங்க வந்திருந்த கம்பெனியின் அதிகாரி. அன்று மாலை ஐந்து மணிக்கு ஜெயநகரில் அவர்களுடைய அலுவலகத்தில் நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அடுத்த மூன்று வருடம் என் வாழ்க்கை என் கையில் இல்லை. புடலங்காயை ஜெயநகரில் ஒரு தோட்டப் போட்டிக்கு மூன்று மணிக்குள் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் வந்தது என் திட்டம் அல்ல.

எல்லாவற்றிலும் என் கையெழுத்து

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: நான் ஜீவனஹள்ளியில் பிறந்து, பொம்மசந்திராவில் ஸ்பிரிங் தயாரிப்பவன். பேனாவுக்குள் இருப்பது முதல் லாரியின் பிரேக்கில் இருப்பது வரை. முப்பத்தொன்பது பேர் வேலை செய்கிறார்கள். பதினைந்து வயதிலிருந்து டைரி எழுதுகிறேன். ஒரு நாள் கூட விட்டதில்லை. அம்மை போட்டிருந்த நாள்களில் சொல்லச் சொல்லத் தம்பி எழுதினான். அவன் கையெழுத்து சரியில்லை என்று பிறகு திருப்பி எழுதினேன்.

அப்படிப்பட்டவன் தொழிற்சாலை நடத்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தயாரான ஒவ்வொரு லாட்டும், அதாவது சரக்குத் தொகுதியும், வெளியே போகும் முன் நான் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கருவி அலமாரியின் சாவி என்னிடம். ஸ்டோர் சாவி என்னிடம். கழிப்பறைக்கு வாங்கும் பினாயிலின் நிறம் வரை என்னிடம். மதியம் சாப்பிடும்போது யாராவது ஒரு கம்பியை நீட்டி, "சார், இது ஓகேவா?" என்று கேட்பார்கள். இடது கையில் வாங்கிப் பார்த்து, சரி என்பேன்.

அதில் பெருமைதான் பட்டேன். ரத்த அழுத்தத்தைப் பற்றிப் போன வாரமே எழுதிவிட்டேன்.

களைப்பும் இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். வாங்க வந்தவர்கள் நல்ல விலை சொன்னார்கள். கூடவே ஒரு நிபந்தனை. கம்பெனி முழுக்க என் தலைக்குள் இருக்கிறதாம். ஆகவே நான் மூன்று வருடம் அவர்களுக்குச் சம்பளத்துக்கு, முழு நேரமும், அங்கேயே வேலை செய்ய வேண்டும். அதுவரை விலையில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஓடிப்போக நினைத்தவனை அதே நாற்காலியில் கட்டிப் போடுவதற்குப் பெயர் விற்பனை.

"ஏங்க, இதுக்கு ஜெயிலே பரவால்ல" என்றாள் என் மனைவி வனஜா. "அங்க நல்லா நடந்துக்கிட்டா தண்டனைய கொறைப்பாங்க."

டாக்டர் கொடுத்த இரண்டு மணி நேரம்

இந்தப் பேச்சுக்கெல்லாம் ஒரு வருடத்துக்கு மேல் முன்னால், டாக்டர் எனக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார். தினம் இரண்டு மணி நேரம் இயந்திரச் சத்தம் கேட்காத இடத்தில், தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றைச் செய்ய வேண்டும். என்ன செய்வது என்று கேட்டேன். மனுஷங்க எதையாவது செய்வாங்களே, அதைச் செய்யுங்க என்றார்.

வனஜாதான் முடிவு செய்தாள். சோப்புப் பெட்டியோடு இலவசமாக வந்த புடலை விதைப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்தாள். மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை போன் மேசை இழுப்பறைக்குள் இருக்க வேண்டும், தொழில் பேசக் கூடாது என்று எழுதி, என்னிடமே கையெழுத்து வாங்கினாள். என் பலவீனம் அவளுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டதை நான் மீற மாட்டேன்.

தொழிற்சாலைக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவர் ஓரமாக விதைத்தேன். கொடி சுவரில் ஏறி, இப்போது உபயோகத்தில் இல்லாத பழைய பேக்கிங் ரூமின் ஜன்னல் வரை போய், கம்பிக்குள் தலையை நுழைத்தது. பூ வெளியே பூத்தது. காய் ரூமுக்குள் இறங்கியது. நான் ஏணி, இரும்பு ஸ்கேல், வெப்பமானி, கட்டம் போட்ட நோட்டு எல்லாவற்றோடும் அங்கே குடியேறினேன்.

"ரெண்டு மணி நேரம் ஒரு காயோட என்னங்க பண்ணுவீங்க?" என்று வனஜா கேட்டாள்.

நேரம் போதவில்லை. நீளம் ஓர் இடத்தில், சுற்றளவு ஐந்து இடத்தில் அளக்க வேண்டுமே.

கல்லும் ஸ்பிரிங்கும்

புடலங்காய் தானாக விட்டால் சுருண்டுகொள்ளும். நேராக நீள வேண்டுமானால் நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் ஃபோர்மன் முனிரத்தினம். ஜீவனஹள்ளிக்காரர், என்னைவிட ஐந்து வயது இளையவர், இருபத்திரண்டு வருடமாக என்னோடு இருக்கிறார். அட்டைப் பெட்டி எடுக்க வந்தவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஒரு கல்லு கட்டு சார். சொம்மா நேரா வந்துடும்."

கல் என்றால் எந்தக் கல், என்ன எடை? அவருக்குத் தெரியவில்லை. அளவு தெரியாத ஒன்றை நான் எப்படிக் கட்டுவது? நான் ஸ்பிரிங் செய்கிறவன். தரையில் ஒரு கொக்கி அடித்து, காயின் நுனிக்கும் கொக்கிக்கும் நடுவே மெல்லிய ஸ்பிரிங் ஒன்றைப் பூட்டினேன். அதற்காகவே தனியாகச் சுற்றியது. காய் வளர வளர இழுவிசை எவ்வளவு குறையும் என்று வரைபடமும் போட்டேன்.

நோட்டில் பு-1 என்று நான் குறித்த முதல் காய் ஒன்பதாம் நாள் காம்போடு பிடுங்கிக்கொண்டு விழுந்தது. அடுத்த பருவத்தில் பு-2, திருத்திய ஸ்பிரிங்கோடு, பதினோராம் நாள்.

மூன்றாவது காய் விரல் நீளம் வந்த அன்று முனிரத்தினம் என்னைக் கேட்காமல், வாசலில் கிடந்த ஜல்லி ஒன்றைச் சணல் கயிற்றில் கட்டி மாட்டிவிட்டார்.

"இது என்ன எடை முனிரத்தினம்?"

"அத்த கேட்டு இன்னா பண்ணப் போற சார்? ஸ்பிரிங்கு கீழ புடிச்சி இழுக்குது. காய்க்கு பேஜாரா இருக்கும். கல்லு தன் பாட்டுக்குத் தொங்குது. காயும் தன் பாட்டுக்கு வருது. அவ்ளோதான்."

கல்லைக் கழற்றி எடை போட்டுவிட்டு மறுபடி கட்டினேன். நாற்பத்திரண்டு கிராம். பு-3 வளர்ந்துகொண்டே போனது.

ஆட்கள் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார்கள். ஒன்றும் செய்யாமல் மேலே தொங்கிக்கொண்டு எல்லாரையும் பார்க்கிறதாம். "மேனேஜர் இன்னிக்கு எவ்ளோ வளந்தாரு சார்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நான் மில்லிமீட்டரில் பதில் சொல்வேன்.

அறுபத்தொன்றாவது பொருள்

விற்பனைப் பேச்சு முற்றியபோது, வாங்குபவர்கள் தரப்பில் இருந்து மூன்று பேர் வந்து தொழிற்சாலையில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் பட்டியல் எடுத்தார்கள். பட்டியலின் நகல் என்னிடம் இருக்கிறது. அறுபதாவது: காற்றழுத்த இயந்திரம், பழையது. அறுபத்திரண்டாவது: ஏணி. நடுவில் அறுபத்தொன்று இப்படி இருந்தது: "தொங்கும் பச்சை உருளை, ஒன்று. நுனியில் எடை. கீழே தரையில் மஞ்சள் வட்டம். பயன் தெரியவில்லை. இயங்கும் நிலையில் உள்ளது."

வட்டம், யாரும் காயில் மோதாமலிருக்க நான் வரைந்தது. கடைசி வரியை மட்டும் நான் மறுக்கவில்லை. அன்று அது முப்பத்தொரு மில்லிமீட்டர் வளர்ந்திருந்தது.

பட்டியல் எடுத்தவர்களுக்குப் பிறகு வந்தவர் ஹேமலதா. தர்மபுரிப் பெண், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பெங்களூருக்கு வந்து ஆறு வருடம் ஆகியும் ஹோட்டல் சாம்பாரில் வெல்லம் போடுவதை இன்னும் மன்னிக்காதவர். கம்பெனியின் ஆவணங்களைப் படித்து, வாங்கலாமா, என்ன நிபந்தனையோடு வாங்கலாம் என்று அறிக்கை எழுதுவது அவர் வேலை. எனக்கு மின்னஞ்சலில் ஒரு பட்டியல் அனுப்பினார். அதில் பதினேழாவது: நிறுவனம் தொடர்பான எல்லாப் பதிவுகளும்.

எல்லா என்றால் எல்லாம். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து என் டைரிகளில் கம்பெனி இருக்கிறது. இருபத்தாறு டைரிகளையும் இரண்டு அட்டைப் பெட்டியில் வைத்து, கயிறு கட்டி, வரிசை எண் ஒட்டிக் கொடுத்தேன். அவற்றில் ரத்த அழுத்தமும், வனஜாவோடு போட்ட சண்டைகளும், தினம் சாப்பிட்ட இட்லி எண்ணிக்கையும் இருந்தது பிற்பாடுதான் நினைவுக்கு வந்தது. இந்தப் பிசகை வேறு யாரும் செய்திருக்க முடியாது என்று வனஜா இன்றைக்கும் சொல்கிறாள்.

ஹேமலதா இருபத்தாறையும் படித்தார்.

ஏழடித் தூரத்தில் ஒரு பேச்சுவார்த்தை

போட்டி நாள் வந்தது. சாலை வழியாகப் போனால் சில்க் போர்டு சந்திப்பின் குலுக்கலில் காய் தப்பாது என்பதால் மெட்ரோதான் என்று முடிவு செய்திருந்தேன். குழாயின் மறுமுனையை முனிரத்தினம் பிடிப்பதாக ஏற்பாடு. காலையில் ஓர் அவசர ஆர்டர் வந்து அவர் நகர முடியவில்லை. கடைசிக் காகிதங்களை வாங்கிப் போக வந்திருந்த ஹேமலதா, "நானும் ஜெயநகர்தான் சார் போறேன். குடுங்க" என்று சொல்லி முனையைத் தூக்கிக்கொண்டார்.

ரயிலில் எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்தால் குழாய் வழியை மறிக்கும். ஒரே வரிசையில் இரண்டு முனையிலும் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டோம். நடுவில் மூன்று பயணிகள், அவர்கள் மடியிலும் கொஞ்சம் குழாய். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் அவர் பேச ஆரம்பித்தார். இடையில் ஆள் இருந்ததால் இருவரும் சற்று உரக்கவே பேச வேண்டியிருந்தது.

"சார், டைரில 'கண்டிக்க வேண்டும்'னு அறுபத்து மூணு தடவ எழுதியிருக்கீங்க."

"யாரை?"

"முனிரத்தினத்த. 'மாலை நாலு பத்து. லாட்டில் முனிரத்தினம் கையெழுத்து. கண்டிக்க வேண்டும்.' அப்பறம் ரெண்டு நாள் கழிச்சு மறுபடி. ஒரு தடவயாச்சும் கண்டிச்சீங்களா?"

நடந்தது இதுதான். சாயங்கால வண்டி ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். நானோ ஐந்தரை வரை ஏணி மேல். அந்த நேரத்தில் தயாராகும் லாட்டுகளை வேறு வழியில்லாமல் முனிரத்தினமே பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும். எழுதியும் வைத்தேன். ஐந்தரைக்குப் பிறகு வரைபடம் போடும் வேலை இருந்ததால் கண்டிக்க முடியாமல் போய்விட்டது.

"வாடிக்கையாளர் திருப்பி அனுப்புன லாட்டையும் நீங்களே எழுதியிருக்கீங்க, எந்த லாட்டு, யார் கையெழுத்துன்னு. நான் உக்காந்து சேத்துப் பாத்தேன். இந்தப் பதினாலு மாசத்துல திரும்பி வந்தது ஒம்போது. ஒம்போதும் நீங்க கையெழுத்துப் போட்டது. மூணரைல இருந்து அஞ்சரைக்குள்ள போனது ஒண்ணுகூடத் திரும்பல."

எங்களுக்கு நடுவில் இருந்த மூவரில் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் விடவில்லை. காலையில் போகும் லாட்டுகள் கடினமான வகை என்றேன். அவர் வகையையும் சேர்த்துப் பார்த்திருந்தார். மழைக்காலக் கம்பியில் பிரச்சினை இருந்தது என்றேன். மழை மாலையில்தானே அதிகம் பெய்கிறது என்று என் டைரியிலிருந்தே எடுத்துக் காட்டினார். பதினாலு மாதக் கணக்கு போதாது என்றேன். அந்தத் தொழிற்சாலை நான் இல்லாமல் ஒரு வாரம்கூட ஓடாது என்று ஆணித்தரமாகச் சொன்னேன்.

"சார்" என்றார் ஹேமலதா பொறுமையாக. "நீங்க யார் பக்கம்?"

"ஏன்?" என்றேன்.

"நீங்க இல்லாம ஓடாதுன்னுதான் எங்க ஆளுங்க மூணு வருஷம் கேக்கறாங்க. மூணுல ஒரு பங்கப் புடிச்சு வெக்கறாங்க. நான் ஓடுதுன்னு சொல்றேன். நீங்க இல்லங்கறீங்க. உங்க வெலைய நீங்களே கொறைக்கறீங்க."

நடுவில் இருந்தவர் மெல்ல, "சார், அந்தம்மா சொல்றது கரெக்டுதான்" என்றார். அவருக்கு நான் யார் என்றே தெரியாது.

"இதை அறிக்கையில எழுதுவீங்களா?" என்று கேட்டேன்.

"எழுதுவேன். அது என் வேல. எழுதுனா எங்க ஆளுங்க அந்த நிபந்தனைய எடுத்துடுவாங்க. ஆனா அதுல எங்களுக்கு ஒரு ஆபத்து இருக்கு." சிரித்தார். "படிச்சா அவங்க வாங்கறதுக்கு இன்னும் அவசரப்படுவாங்க. நீங்க படிச்சா, விக்கவே மாட்டீங்க."

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அன்று ஐந்து மணிக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வாரம் கேட்டேன். அந்த வாரத்தில் அவர்கள் மூன்று வருடத்தை ஆறு மாதமாக்கி, விலை முழுவதையும் முதலிலேயே தருவதாக எழுதினார்கள். நன்றி சொல்லி மறுத்தேன். தப்பித்துப் போவதற்காகத்தான் விற்க நினைத்தேன். ஏணி மேல் இருந்த பதினாலு மாதமாக நான் ஏற்கெனவே வெளியேதான் இருந்திருக்கிறேன், அது தெரியாமல். முனிரத்தினம் இப்போது தொழிற்சாலை மேலாளர். கம்பெனியில் பத்தில் ஒரு பங்கு அவருடையது. இரண்டு சாவிகளும் அவரிடம். பினாயில் மட்டும் இன்னும் என் பொறுப்பு.

ஆனால் ரயிலில் உட்கார்ந்திருந்தபோது இதொன்றும் தெரியாது. இருபத்தாறு வருடம் ஓர் இடத்தைத் தாங்கிப் பிடித்தவன், பிடித்த கைதான் கோளாறு என்று ஒரு புடலங்காயை மடியில் வைத்துக்கொண்டு தெரிந்துகொள்வது லேசான காரியம் இல்லை.

பயிரிட்டவர் பெயர்

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். வெண்டை, சுரை, பாகல் என்று வரிசையாக மேசைகள். புடலை மேசைக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள். சங்கச் செயலாளர், வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர், ஒரு படிவத்தை நீட்டினார்.

முதல் வரி: காயின் நீளம். எழுதினேன். அவர் தையல்காரர் டேப்பால் அளந்து, "நூத்தி எம்பத்தேழு" என்றார். எண்பத்தேழு புள்ளி நான்கு என்றேன். புள்ளி கிடையாது என்றார்.

இரண்டாம் வரி: பயிரிட்டவர் பெயர்.

பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். விதை வனஜா கொடுத்தது. நட்டது நான். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் ஊற்றியது யார் என்று யோசித்தேன். மழைக்கு ஜன்னலில் தகரம் அடித்தது யார்? என் இரண்டு ஸ்பிரிங்குகள் இரண்டு காய்களைப் பிடுங்கிப் போட்ட பிறகு, கேட்காமல் கல்லைக் கட்டியது யார்? டைரியில் அதற்கும் "கண்டிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தேன்.

ஹேமலதா பக்கத்தில் நின்று படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முனிரத்தினம் என்று எழுதினேன்.

செயலாளர் படித்துவிட்டு, "நீங்களா முனிரத்தினம்?" என்று கேட்டார்.

"இல்ல. அவர் வேலையா இருக்கார்."

"அப்ப நீங்க யாரு?"

"அளந்தவன்" என்றேன்.

அவர் அதையும் படிவத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு மல்லேஸ்வரத்து மாடியில் வளர்த்த ஓய்வுபெற்ற வங்கி அம்மையார் ஒருவருக்கு. அவர் நுனியில் என்ன கட்டினார் என்று விசாரித்தேன். பழைய பூட்டு. எடை தெரியாதாம்.

அன்று மட்டும் போனுக்கு வனஜா விலக்கு கொடுத்திருந்தாள். விஷயத்தைச் சொல்ல முனிரத்தினத்துக்குப் போன் செய்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். தொழிற்சாலையின் பொது எண்ணுக்கும் செய்தேன். அங்கும் யாரும் எடுக்கவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு படபடக்கும். கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்று நாற்பது. சற்று நேரத்தில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "லாட் பாத்துனு இருக்கேன் சார். அஞ்சரைக்கு மேல பேசறேன்."

மண்டபத்து நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து டைரியை எடுத்தேன். அன்றைய பக்கத்தில் இருப்பதை அப்படியே தருகிறேன்: "மாலை 3.40. தொழிற்சாலைக்கு மூன்று முறை போன். எவருக்கும் என்னோடு பேச நேரமில்லை. கண்டிக்க வேண்டியதில்லை."